கயிறு பிடிக்கிறவன்

– நேத்து முத்துக் குளிக்கையில அடியில இருந்து மூணு தடவ கயித்தச் சுண்டினேன், அந்தோணியம்மா. மேல உன் தம்பி அசையல. பக்கத்துக் கயித்துக்காரன் ஜெபசீலன் பார்த்துத் தூக்கலேன்னா, பத்துப் பாகம் ஆழத்துல சிப்பியோட சிப்பியாக் கிடந்திருப்பேன்.

– அவன் தூங்கலீங்க. கயிறு தோணி விளிம்புல சிக்கிட்டு.

– அவன் சொன்னானா, நீ சொல்லுதியா?

– ரெண்டும் ஒண்ணுதானே.

– அங்கனதான் வினையே. போன வாரம் தோணிக்காரச் சம்மாட்டிகிட்டக் காய்ச்சல்னு சொன்ன. பூசைக்கு வராததுக்குச் சாமியார்கிட்ட வயித்துவலின்ன. கஸ்பாரு வாயால ஒரு பொய் நான் கேட்டதில்ல ஏளா. எல்லாம் உன் வாயால வருது.

– அம்மா சாகும்போது அவனுக்கு நாலு வயசு. என் இடுப்புல கிடந்து வளந்தவன். அவனுக்காக நான் பேசாம வேற யார் பேசுவா?

– மதுவிலக்குன்னு சர்க்கார் சொல்லுது. இவனுக்கு மட்டும் எவன் கொண்டாந்து குடுக்கான்?

– எனக்கென்ன தெரியும்?

– சரி விடு. இன்னைக்கு ஜெபசீலன் கயிறு பிடிக்கட்டும்.

– இந்தாருங்க, பொஞ்சாதிகூடப் பொறந்தவன் நிக்கையில அன்னியன் பிடிக்கதா? கரையே பார்த்துட்டு நிக்கி. நீங்களே ஒதுக்கிட்டா இனி எந்தத் தோணியில அவன ஏத்துவாங்க? முழுசாக் குடியில விழுந்திருவான்.

– மச்சினன்கிட்ட எதுக்குக் கயித்தக் குடுக்கோம்? அக்கா தாலியறுக்க எந்தத் தம்பியும் விடமாட்டான்னுதானே. அந்த நெனப்பு அவனுக்கு இருக்கணும்லா?

– இருக்கு. மூணு நாளா ஒரு சொட்டுத் தொடல.

– பிறகு வாயில என்ன கிராம்பு?

– பல்வலி. நான்தான் வச்சு விட்டேன்.

– முன்பல்லு ரெண்டும் போன மாசமே தோணியில விழுந்து போச்சு. மிச்சப் பல்லும் வலிக்கோ?

– கேலி பண்ணாதீங்க.

– கேலி இல்ல. நான் முங்கப் போறவன். அந்தா தெரியுது மாதா கோயில். அதப் பார்த்துச் சொல்லு, அவன் குடிக்கலன்னு. நீ சொன்னா இறங்குதேன்.

– மாதா சாட்சியா, குடிக்கல.

– சரி. ஏலே கஸ்பாரு, இங்கன வா. முங்குற கல்லத் தோணியில ஏத்து. கயித்தப் பிடி.

– வேண்டாம் அத்தான். ஜெபசீலன்கிட்டக் குடுங்க. காலையில என் கை நடுங்கிச்சு. இதப் பார்த்தா அத்தான் உன்னச் சேத்துக்க மாட்டாருன்னு சொல்லி, நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, அக்காதான் ரெண்டு கிளாஸ் சாராயம் ஊத்திக் குடுத்தா.