என் வாய் கெடுத்த மருந்து

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சாகுபடியாளர் சங்கத் தலைவர் அவர்களே, நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வரப்பு வேலையை வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உரக்கடைக்காரனாகிய என் பணிவான வணக்கம்.

இறால் ஓட்டிலிருந்து எடுத்த நுண்துகள் மருந்தைச் சங்க நிலத்தில் சோதிப்பதா, அடியோடு நிறுத்துவதா என்று இன்று கை தூக்கப்போகிறீர்கள். சோதனையை எதிர்த்துப் பேசத்தான் என்னை அழைத்தீர்கள். ஏன்? என் அக்காவின் தக்காளித் தோட்டத்தைக் கெடுத்த மருந்து என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தானே!

கை தட்டாதீர்கள் ஐயா. முழுதும் கேட்ட பிறகு மனசு வந்தால் தட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா; அதைக் கட்டிப்போடக் கண்ணுக்குத் தெரியாத துகள். இலையில் கரும்புள்ளி விழுந்த வாரம் அக்கா கடைக்கு வந்தார். ஆய்வுக்கூடம் கொடுத்த அந்த மருந்தும் கையில் இருந்தது. நாமெல்லாம் வழக்கமாக அடிக்கும் மயில்துத்தம் சுண்ணாம்புக் கலவையும் இருந்தது.

"ரெண்டையும் ஒண்ணா ஊத்தி அடிக்கலாமா தம்பி?"

லேபிளைப் படித்தேனா? இல்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தேனா? இல்லை. கடையில் நாலு பேர் நின்றார்கள். தெரியாது என்று சொல்ல நாக்கு கூசியது. "தாராளமா ஊத்துக்கா, ஒரு நடை மிச்சம்" என்றேன்.

சுண்ணாம்பு பட்டதும் துகள்கள் பால்போல் திரிந்தன. தெளிப்பானின் மூக்கு அடைத்தது. அக்கா குத்திக் குத்தி அடித்தார். மருந்து வேலை செய்யாமல், பத்தே நாளில் கரும்புள்ளி பரவித் தோட்டம் கருகியது.

அதோ, ஓரத்தில் அமர்ந்திருக்கிறாரே, மருந்தைச் செய்த ஆய்வாளர் அம்மா, அவர் வந்து தெளிப்பானின் வடிகட்டியை விரலால் வழித்துப் பார்த்தார். "இதுல சுண்ணாம்பு இருக்கே. கலக்கச் சொன்னது யாருண்ணே?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. மாலைக்குள் 'போலி மருந்து' என்ற பேச்சு ஊரைச் சுற்றியது. சுற்றவிட்டவன் யார்? நான். அந்த அம்மா உண்மையைச் சொல்லித்தான் பார்த்தார். என் தம்பிக்குத் தெரியாததா என்று அக்கா அடித்துப் பேசிவிட்டார்.

ஓராண்டாயிற்று. கடையில் கூட்டம் குறையவில்லை. கூட்டத்துக்கு நடுவே நான் தனியாக நின்றேன். அக்கா அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே எனக்குப் பரிமாறுவார். நான் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவேன். பந்தியில் இருந்தும் வாசலுக்கு வெளியே நிற்பவன் நான்.

பெரியோர்களே, மருந்து தோற்கவில்லை, துகள் தோற்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணியாத என் வாய் தோற்றது!

என்ன அண்ணே, பின்வரிசையில்? இனி என் கடைக்கு எவன் வருவான் என்கிறீர்களா? அது எனக்கும் தெரியாது.

அக்கா எழுந்திருக்கிறார். அவர் சொல்வது பின்னால் எட்டாது, நானே திருப்பிச் சொல்கிறேன்: "தோட்டம் போனா மறுபடி நடலாம்டா. ஒரு வருஷமா அந்தப் பொண்ண என் வாயால திட்ட வச்சியே, அத எப்படிடா திருப்பி எடுக்கிறது?"

அக்கா, இப்போது என்னால் முடிந்தது இதுதான்.

சோதனை வேண்டும் என்பதற்கு முதல் கை என்னுடையது. இதோ, தூக்கிவிட்டேன். இன்னொரு கை எழும்வரை இறக்கமாட்டேன். தனியாகத்தான் நிற்கும் என்றால் நிற்கட்டும். இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. ஒரு கை மேலே இருப்பதால் கும்பிட முடியவில்லை; வாயாலேயே சொல்லிக்கொள்கிறேன், வணக்கம்.