அவர் பெயரில் நான் கழுவிய அறைகள்

பெயர் தமிழ்ச்செல்வி, வயது 38, கணவர் பெயர் சடையப்பன், இருப்பு திருவிடந்தை கிராமம், மேட்டுத் தெரு. சம ஊதியம் கேட்டு நானும் உடன் வேலை செய்யும் பெண்களும் கொடுத்த மனுவின் பேரில், 2003ஆம் வருடம் ஜூலை மாதம் செங்கல்பட்டில் தொழிலாளர் அதிகாரி முன்பு சத்தியம் செய்து சொல்வதாவது:

நான் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள எதிர்மனுதாரர் விடுதியில், அது திறந்த காலம் முதல் அறை சுத்தம் செய்து வருகிறேன். என் கணவருக்கும் அங்கேயே அதே வேலை, அதே மாடி. விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது, மெத்தையை நிமிர்த்தி மணல் தட்டுவது எல்லாம் இருவருக்கும் பொது. ஆண்களை ரூம் அட்டெண்டர் என்றும் எங்களை உதவியாளர் என்றும் எழுதி, அவர்கள் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே எங்களுக்குக் கொடுத்து வந்தார்கள்.

போன ஐப்பசி மழையில் என் கணவர் விடுதிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். ஊழியர் விவகாரம் பார்க்கும் மேனேஜர் ஜெபகுமார் என்னைக் கூப்பிட்டு, அவருடைய அறைகளையும் நானே பார்த்துக்கொண்டால் அவர் வேலையும் சம்பளமும் நிலைக்கும் என்றார். அதன் பேரில் தை வரை இருவர் அறைகளையும் நான் ஒருத்தியே செய்தேன். அவர் அறைகளுக்கு ஆண் சம்பளம் அவர் பெயரில் வந்தது. என் அறைகளுக்குப் பெண் சம்பளம் என் பெயரில் வந்தது. அந்த மாதங்களில் விரல் மடங்காமல், சோற்றைக் கரண்டியால் தின்றேன்.

அதன் பிறகு என் கணவர் வேலைக்குத் திரும்பினார். பங்குனியில் நானும் என்னோடு வேலை செய்யும் பார்வதமும் மேனேஜரிடம் போய்ச் சம்பளத்தைச் சமமாக்கக் கேட்டோம். கனமான வேலையெல்லாம் ஆண்கள்தான் செய்கிறார்கள் என்றார். மழைக்காலத்தில் அந்தக் கனத்தைத் தூக்கியது யார் என்று நான் கேட்டேன். அதற்கு அவர், "அது உன் புருஷனுக்காக நாங்க செஞ்ச உதவிம்மா. அதை இங்க இழுக்காத" என்றார். அதன் பிறகுதான் மனு கொடுத்தோம்.

மனு போனதும், பெண்கள் வேலை இலகுவானது என்று எழுதி ஆண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது எனக்குக் காட்டப்படும் காகிதத்தில் என் கணவர் கையெழுத்தும் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். கேட்டதற்கு, "நா இன்னா பண்றது தமிழு. போடலன்னா நாளைலேந்து வராதன்ட்டாங்க" என்றார். நான் சண்டை போடவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

குறுக்கு விசாரணையில்: குடும்பத் தகராறால் மனு கொடுத்தேன் என்பது சரியல்ல. மழைக்காலத்து விஷயத்தைச் சொன்னால், வேலை செய்யாமல் சம்பளம் வாங்கியதாக என் கணவர் மீது நடவடிக்கை வரும் என்பது எனக்குத் தெரியும். இங்கே அதைச் சொல்லப்போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "சொல்லு. யார் கை ஒடிஞ்சி நம்ம வூட்ல அடுப்பு எரிஞ்சிதுன்னு எனக்குத் தெரியாதா" என்றார். இன்று அவரும் வேலைக்குப் போகாமல் வந்து வெளியே வராந்தாவில் நிற்கிறார். கூப்பிட்டு விசாரிக்கலாம். கையெழுத்து தன்னுடையது இல்லை என்று அவர் சொல்லமாட்டார். அந்தக் கையெழுத்துக்கு மேலே எழுதியிருப்பது பொய் என்று சொல்ல வந்திருக்கிறார்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) ச. தமிழ்ச்செல்வி