தெளிவான படம்

எக்ஸ்ரே அறையில் இருபது வருடம் வேலை பார்த்தவனுக்கு முகங்கள் மறந்துபோகும், நெஞ்சுக்கூடு மறக்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொல்லி நான் விழித்தால், அவர் சட்டையைக் கழற்றினால்தான் எனக்கு ஆள் தெரியும் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் டாக்டர் இரண்டு மாத்திரைகளைச் சொன்னார். வீரியமானதை நான் தேர்ந்தெடுத்தேன். அவளுடைய அண்ணன் மருந்துக்கடை வைத்திருப்பவர். அது சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோக்க வைக்கும், மற்றதே போதும் என்றார். கட்டினவனுக்குத் தெரியாதா என்று சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும் கேட்டேன். மச்சான் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

மூன்றே மாதத்தில் ரத்தம் சுத்தமானது. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

மாதாமாதம் நெஞ்சைப் படமெடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர்; ஐந்தாம் மாதமும் வழக்கம்போல் நானே எடுத்தேன். இடது நுரையீரலின் அடிமூலை மழுங்கியிருந்தது. நீர். டாக்டர் பார்த்தால் மாத்திரையை நிறுத்துவார், நீரை ஊசியால் எடுப்பார், பிறகு மற்ற மாத்திரையைக் கொடுப்பார். அதாவது, மச்சான் சொன்னதை. போன மாதப் படத்தில் புதுத் தேதி போட்டு உறையில் வைத்தேன். இரண்டு நிமிட வேலை.

வெறும் பலவீனம்தான், மாத்திரை தொடரட்டும் என்று டாக்டர் எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் படங்களை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கினாள்.

"மூச்சு விட நேரமில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு நேரம் இருக்கு, மூச்சுதான் இல்ல" என்றாள். சிரித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஏழாம் மாதப் படத்தில் இரண்டு பக்கமும் பாதிக்குமேல் வெள்ளை, அத்தனையும் நீர்.

"ஏங்க, மறைக்காம சொல்லுங்க. நெஞ்சுல ஏதாவது இருக்கா?"

"கண்ணாடி மாதிரி இருக்கு."

"நீங்க சொன்னா சரிதான்" என்று பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் தடவையாகப் பழைய படம் உறைக்குள் போனது. நான்காம் நாள் மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை. அழுவேன், மன்னிப்புக் கேட்பேன் என்று நீங்கள் காத்திருந்தால் அது வீண். புற்றுநோயிடம் அவளை நான் பறிகொடுக்கவில்லை. கடைசி ரத்த அறிக்கையை வாங்கிப் பாருங்கள், ஒரு கெட்ட அணு கிடையாது. அவளைக் கிடத்தியிருந்த இடத்திலேயே அதை மச்சானிடம் விரித்துக் காட்டினேன். என் மாத்திரைதான் சரி என்று அந்த மனுஷன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.