மேகம் மூடிய நாள்

அக்கா: மெதுவாடி… காதுல வழியுது.

தங்கை: தலையை ஆட்டாம உக்காரு. ஆட்டினா காதுக்கும் சேர்த்து டை அடிச்சு விட்டுருவேன். நாளைக்கு மேடையில ஜோரா இருக்கும்.

அக்கா: உனக்குக் கொழுப்பு. மந்திரி வர்றார், தெரியுமில்ல?

தங்கை: மந்திரி உன் காதையா பார்க்கப் போறார்? புதுத் தொலைநோக்கியை உன் பொறுப்புல குடுக்கத்தானே வர்றார்.

அக்கா: நம்ம பொறுப்புல.

தங்கை: அடேங்கப்பா! இன்னைக்கு 'நம்ம'வா? பத்திரிகைக்காரி கேட்டப்ப 'என் நட்சத்திரம்'னியே.

அக்கா: வாய் தவறி ஒரு வார்த்தை வந்துட்டா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே. அப்படியே அம்மா.

தங்கை: சரி… காலையில வந்த படத்தைப் பார்த்தியா?

அக்கா: எந்தப் படம்?

தங்கை: தெரியாத மாதிரி கேக்காதே. வேற ஆராய்ச்சிக் கூடத்துக்காரங்க எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்காங்களே. நம்ம நட்சத்திரத்தை ஒட்டிக்கிட்டு இன்னொண்ணு நிக்குது. சின்னது… செவப்பா.

அக்கா: …பார்த்தேன்.

தங்கை: பார்த்துட்டுமா டை அடிக்க உக்காந்தே?

அக்கா: பின்ன, தலையில அடிச்சுக்கிட்டா உக்காரணும்?

தங்கை: நாம கட்டுரையில என்ன எழுதினோம் அக்கா? சூரியன் மாதிரியே ஒண்ணு, அதே எடை, அதே வயசு. இளசுல எக்ஸ்ரேயைக் கொட்டிட்டு, வயசானதும் அடங்கிப் போற ரகம். அதுவே திடீர்னு எக்ஸ்ரேயில வெடிச்சிருக்கு, அப்ப நம்ம சூரியனும் ஒருநாள் இப்படிக் கிளம்பலாம்னு எழுதினோம்.

அக்கா: உலகமே பயந்துச்சு. அந்தப் பயத்துலதான் தொலைநோக்கியே வருது.

தங்கை: வெடிச்சது அது இல்லையே! பக்கத்துல இருக்கற பொடிசு. அந்த ரகத்துக்கு வெடிக்கறதுதான் பொழப்பு. நம்ம எக்ஸ்ரே தொலைநோக்கிக் கண்ணுக்கு ரெண்டும் ஒரே புள்ளியா தெரிஞ்சிருக்கு. பாவம், நம்ம நட்சத்திரக் கிழவர் தேமேன்னு உக்காந்திருந்தார். பழியைத் தூக்கி அவர் மேல போட்டுட்டோம்.

அக்கா: நாளைக்கு எவனாவது எழுந்து கேப்பான்.

தங்கை: கேப்பான்.

அக்கா: கேட்டா… நீ சொல்லிடு.

தங்கை: என்னன்னு?

அக்கா: பக்கத்துல வேற ஏதாவது இருக்கான்னு பார்க்கறது உன் வேலை… விட்டுப்போச்சுன்னு. நீ சின்னவ, மன்னிச்சுடுவாங்க. என்னை மன்னிக்க மாட்டாங்க.

தங்கை: சின்னவளா! எனக்கும்தான் பாதித் தலை வெளுத்துக் கிடக்கு.

அக்கா: சும்மா கேக்கலடி. எனக்கு அப்புறம் என் நாற்காலி உனக்குத்தான்.

தங்கை: நான் விடலையே அக்கா. மலை மேல இருக்கற பெரிய தொலைநோக்கியில ஒரு படம் எடுத்துப் பார்த்துட்டு எழுதுவோம்னு சொன்னேனே. நீயும் எடுக்கச் சொன்னே. மறுநாள் வந்து என்ன சொன்னே?

அக்கா: …மேகம் மூடிடுச்சுன்னேன்.

தங்கை: மூடுச்சா?

அக்கா: போன வருஷத்து மேகத்தையெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருப்பா? டை காய்ஞ்சிருச்சு, கழுவு.

தங்கை: இன்னும் காயல. மூடுச்சா?

அக்கா: கையை எடு, எரியுது.

தங்கை: எரியட்டும். மலையில தொலைநோக்கியை ஓட்டறவர்கிட்ட கேட்டேன். அன்னைக்கு வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சாம். படத்தை உன்கிட்டயே அனுப்பினாராம். ரெண்டு புள்ளி தெரிஞ்சுதா?

அக்கா: தெரிஞ்சுது! போதுமா? என்கிட்ட பாடம் படிச்சவனெல்லாம் எனக்கு மேல போய் உக்காந்துட்டான். எனக்குன்னு வந்தது அந்த ஒண்ணுதான். அதையும் ஒரு பொட்டுப் புள்ளி வந்து… படத்தை அழிச்சுட்டேன். காலையில படம் வந்ததும் மலைக்குப் போனைப் போட்டுத் துப்பறிஞ்சியாக்கும்?

தங்கை: காலையில கேக்கல.

அக்கா: பின்ன எப்ப?

தங்கை: நீ மேகம்னு சொன்ன அன்னைக்கே.

அக்கா: அன்னைக்கேவா! அப்புறம் ஏன்டி பேரைப் போட்டுக்கிட்டே?

தங்கை: அந்த வாரம்தானே என் வேலையை நிரந்தரம் பண்ணலாமா வேண்டாமான்னு உன்னைக் கேட்டிருந்தாங்க… நாளைக்கு எவனாவது கேட்டா, தப்பு என்னுதுன்னே சொல்றேன். அதுல பொய் ஒண்ணும் இல்ல. குனி… பின்னாடி இன்னும் வெள்ளை தெரியுது.