கோச் வீட்டுக்குள் நான் எப்படிப் போனேன் என்பது பற்றி

என் பெயரை ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஐயா அடையாள அட்டையைப் பார்த்து இந்த வாக்குமூலத்தின் மேலே எழுதிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது எனக்கு யாரும் இல்லாததால், ஐயா அதை வாசித்தபோது வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். ஸ்டேடியத்திலும் சலூனிலும் என்னைப் பெரிசு என்பார்கள். வயது எழுபத்தி மூன்று. ஐந்தாவது வரை படித்தேன், அதுவும் பாதி. மெத்தைக் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றேன். அத்தனை வருடம் மேலே மேலே போயும் கடைசியில் தரைத்தளத்தில்தான் இறங்கினேன் என்று சொன்னேன். ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்ததால் தொழில் பற்றி மேற்கொண்டு சொல்லவில்லை.

நாட்டுக் கால்பந்து அணிக்கு முன்பு கோச்சாக இருந்தவரின் வீட்டுக்குள் நான் அத்துமீறி நுழைந்ததாகவும், கூட்டத்தைத் தூண்டிவிட்டு அவர் காலை உடைத்ததாகவும் அவருடைய மகள் புகார் கொடுத்திருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டது. இனி அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டேன், கோச்சிடம் பேச மாட்டேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றும், மறுத்தால் வழக்கு பதிவாகும், ஸ்டேடியத்துக்குள்ளும் விடமாட்டார்கள் என்றும் ஐயா விளக்கினார். ஸ்டேடியம் இல்லையென்றால் வாரத்தில் எந்தக் கிழமைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் பத்திரத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கிழக்கு கேலரியில் ஒரு வழக்கம் உண்டு. யாரை வேண்டுமானாலும் கிண்டலடித்து ஓட்டலாம். ஆனால் ஆள் எதிரே இருக்க வேண்டும். அவனும் திருப்பி ஓட்டுவதற்கு இடம் கொடுக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் செய்வது கிண்டல் இல்லை, கோள் சொல்வது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். கோச் பதவியில் இருந்தபோது மைதான ஓரத்தில் நிற்பார், நாங்கள் மேலேயிருந்து அவர் தொப்பையை, தொப்பியை, தோற்றதை எல்லாம் ஓட்டுவோம். அவரும் திரும்பிப் பார்த்து, "நீ இறங்கி வந்து ஆடுடா!" என்று கையைக் காட்டுவார். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. தகுதிச் சுற்றுக் கடைசி ஆட்டத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முன்வரிசைப் பையனை அவர் வெளியே எடுத்தார், நாங்கள் தோற்றோம், அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் கண்ணில் படவே இல்லை.

அதன் பிறகு போன மாதம் ஒரு நாள் சலூனில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, சலூன்காரர் தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டார். வெளிநாட்டு டிவிக்குக் கோச் பேட்டி கொடுத்திருந்தார். அவர்கள் பாஷையிலேயே பேசினார். பேசினார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார், நடுவில் எச்சில் விழுங்கினார், கையால் மேசையை வெட்டினார். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த எலக்ட்ரீஷியனுக்கு அந்தப் பாஷை தெரியும். அவன்தான் எங்களுக்குச் சொன்னான். இப்போது எப்படிப் பொழுது போகிறது என்று பேட்டி எடுத்த அம்மாள் கேட்டிருக்கிறார். இவர் சொன்ன பதில் இதுதான்: "வீட்டில் நாற்காலி ஆறு. நான் ஒன்று. காலை இந்த நாற்காலி. மாலை அந்த நாற்காலி."

அதைக் கேட்டு சலூனில் சிரிக்காதவர் இல்லை. முகச்சவரத்துக்கு நுரை பூசி உட்கார்ந்திருந்தவர் சிரித்ததில் கண்ணாடி முழுக்க நுரை. அதன் பிறகு நான் எழுந்து அதைச் செய்து காட்டினேன். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் தெரியாது. ஆனால் யார் எப்படிப் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் என் வாய் பிடித்துக்கொள்ளும். லிஃப்டில் டாக்டர்கள் இறங்கியதும் அவர்களைப் போலப் பேசிக் காட்டி நோயாளிகளைச் சிரிக்க வைத்தவன் நான். சலூன்காரர் அதைப் படம் பிடித்தார். மறுநாள் ஊர் முழுக்க அது போய்விட்டது.

அதன் பிறகு பஸ்ஸில் கண்டக்டர், "பெரிசு, அந்த நாற்காலி!" என்றார். காய்கறிக் கடையில் செய்யச் சொன்னார்கள். மருந்துக் கடையில் செய்யச் சொன்னார்கள். முன்பின் தெரியாத பெண்பிள்ளைகள் என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் செய்தேன். அறைக்குத் திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும். அதற்கு முன்பெல்லாம் சில நாள் சாயங்காலம் மெத்தைக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு "வரேன் பெரிசு" என்று சொல்லும்போது பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் பிசிறும், அன்றைக்கு அதுதான் முதல் பேச்சாக இருக்கும். இது விசாரணைக்குத் தேவையா என்று ஐயா கேட்டார். தேவையில்லை என்றால் அடித்துவிடலாம் என்று சொன்னேன்.

அதன் பிறகு ஸ்டேடியத்தில் நடந்த ஆட்டத்தில் கிழக்கு கேலரி முழுவதும் எழுந்து, "நாற்காலி ஆறு! நான் ஒண்ணு!" என்று கத்தியது. மைதான ஓரத்தில் நின்ற புது கோச்சுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது. ஆள் எதிரே இல்லை. வழக்கத்தை மீறியது நான்தான். சலூனில் இதைச் சொன்னேன்.

"அதுக்கு என்ன பண்ணணுங்கறே பெரிசு? மன்னிப்புக் கடுதாசி போடவா?" என்று சலூன்காரர் கேட்டார்.

"கடுதாசி எதுக்கு? நேர்ல போய் ஓட்டுவோம். அவர் வீட்டுல நாற்காலி ஆறு, அவர் ஒண்ணு. நாம அஞ்சு பேர் போனா கணக்கு சரியாயிடும். உள்ள போய் உக்காருவோம், அவர் நம்மைத் திட்டட்டும், நாம அவரை ஓட்டறோம்."

"கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவார்."

"தள்ளட்டுமே. அதுக்காவது எழுந்து வருவார் இல்ல?"

இதைத்தான் தூண்டுதல் என்று புகாரில் எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேர் என்றுதான் நான் சொன்னேன். நேற்று மத்தியானம் நாங்கள் ஐந்து பேரும் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோது, அங்கே நடக்க இடமில்லை. எங்கள் ஐந்து பேரில் யாரோ நாங்கள் போகப்போவதைப் போனில் ஊருக்கே போட்டிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், அவன் மனைவி நிறைமாதம். சிலர் தலைமேல் பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வழிவிட்டு, முதுகைத் தட்டித் தட்டியே கேட் வரை கொண்டுபோய்விட்டார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். என்னோடு வந்த நான்கு பேரையும் காணவில்லை.

கோச் கதவைத் திறந்து வெளியே வந்தார். பனியன் போட்டு, கைலி கட்டியிருந்தார். டிவியில் பார்த்ததைவிட உயரம் குறைவு. "கேட்டைத் தள்ளாதீங்க, கீல் துருப்பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்பக்கமிருந்து தாங்கிப் பிடித்தார். பின்னாலிருந்து நெருக்கினார்கள். இரும்புக் கேட் கீலோடு பெயர்ந்து அவர் பாதத்தில் விழுந்தது. அதன்மேல் நான் விழுந்தேன். என்மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். அதன் பிறகு கோச் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார். நானாக நுழையவில்லை. சட்டையில் இரண்டு பொத்தான் போயிருக்கிறது, ஐயா பார்த்துக்கொள்ளலாம்.

"எதுக்குக் கோச் என்னை இழுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நீ மிதிபட்டுச் செத்தா, அதுக்கும் நான்தான் காரணம்பானுங்க" என்றார்.

உள்ளே சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு நாற்காலியும் இருந்தன. அவர் ஒன்றில் உட்கார்ந்து, காலை இன்னொன்றில் நீட்டினார். பாதம் வீங்கிக்கொண்டிருந்தது. நான் ஐஸ் எடுத்துத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். வெளியே சத்தம் ஓயவில்லை. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, கடைசி ஆட்டத்தில் அந்தப் பையனை ஏன் வெளியே எடுத்தார் என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்த முதல் ஆள் நீ, நீயும் அதையே கேக்கறியே" என்றார்.

அதன் பிறகு அவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீதானே அது? இப்ப செய்" என்றார்.

எனக்கு எழுபத்தி மூன்று வயதாகிறது. யாரையும் ஓட்டுவதற்குக் கூச்சப்பட்டதில்லை. நேற்று எழுந்து நின்று, பொத்தான் போன சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். செய்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பயிற்சியில் பையன்களைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"எச்சில் முழுங்கறது அவ்வளவு சீக்கிரம் இல்லை. நான் ஒண்ணுன்னு சொன்னதுக்கு அப்புறம்தான். மறுபடி செய்."

மறுபடி செய்தேன்.

"கையை அப்படி வெட்டாதே. கை நடுங்குச்சு, அதை மறைக்கத்தான் மேசைல வெச்சேன். மறுபடி."

மூன்றாவது முறை செய்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். இதை நம்ம பாஷையிலேயே சொல்லியிருக்கலாமே கோச், ஊர் சிரித்திருக்காதே என்றேன்.

"நம்ம பாஷையில வாய் வரலை. மக போன் பண்ணினா நல்லா இருக்கேன்னுதான் வரும். வேற பாஷையில சொன்னப்ப வேற யாரோ சொல்ற மாதிரி இருந்துச்சு. அதான் சொல்ல முடிஞ்சுது" என்றார்.

அதன் பிறகு எங்கள் கேலரி வழக்கத்தை அவருக்குச் சொன்னேன். இப்போது அவர் முறை, என்னைத் திருப்பி ஓட்ட வேண்டும் என்றேன். யோசித்துவிட்டு, "இப்ப ஒண்ணும் தோணலை. இன்னொரு நாள் வா, ஓட்டறேன்" என்றார். அந்த நேரத்தில் போலீஸார் கதவைத் தட்டினார்கள். நான்தான் திறந்தேன். திறந்தவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்று காலை கோச்சின் மகள் இங்கே வந்தார். வெளியூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தார். "எங்கப்பா என்கிட்ட சொல்லாததை ஊரே பாட்டாப் பாடுது. அதை முதல்ல பாடினது நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். எதற்கும் பதில் வைத்திருப்பவன் என்று எனக்குப் பெயர்.

அதன் பிறகு, கோச் என்னை வரச் சொன்னார் என்று நான் சொன்னதை மகள் நம்பாததால், அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் அப்பாவிடம் கேட்டுச் சொல்வதாக முடிவாயிற்று. சற்று முன் அங்கிருந்து போன் வந்தது. ஐயா அதை எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். மகள், "அப்பா, அந்த ஆளை நீங்க வரச் சொன்னீங்களா?" என்று கேட்பது கேட்டது. பதில் இல்லை. மறுபடி கேட்டார். பதில் இல்லை. "பாருங்க சார், அவர் ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பறாங்க, நான் நாளன்னைக்கு ஊருக்குப் போகணும், இவங்களை நம்பி எப்படி விட்டுட்டுப் போறது?" என்றார். ஐயா என் கையிலிருந்த பத்திரத்தைக் காட்டி, பேனாவை நீட்டினார். நானும் வாங்கினேன்.

அப்போது போனில் கோச்சின் குரல் கேட்டது. அந்த வெளிநாட்டுப் பாஷையில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். அறையில் யாருக்கும் புரியவில்லை. மகளுக்கும் புரியவில்லை, "என்னப்பா சொல்றீங்க?" என்றார். போன் கட்டாகிவிட்டது.

அவர் சொன்னதை நான் அப்படியே திருப்பிச் சொன்னேன், எச்சில் விழுங்கிய இடம் உட்பட. ஐயா எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடியாமல் விட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன். தனக்கு அந்தப் பாஷையே தெரியாது, எல்லாம் பெரிசு செய்த வேலை என்று அவன் ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தான். வந்து என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றான்.

"மாப்ளே, தெரியும்னு சொன்னா நீயும் மாட்டுவே. தெரியாதுன்னா நான் மட்டும் மாட்டுவேன். நான் ஒரு தடவைதான் சொல்வேன், அப்புறம் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, கோச் சொன்னதைச் சொன்னேன்.

அவன் சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான். அதன் பிறகு, "காலையில வரச் சொல்றார். கேட்டைத் தட்ட வேணாமாம். கேட் இல்லையாம்" என்றான்.

ஐயா சிரித்தார். எலக்ட்ரீஷியனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை ஒருவர் வரச் சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சற்று நேரம் தெரியவில்லை.

ஆகவே அந்தத் தெருவுக்குப் போக மாட்டேன் என்ற பத்திரத்தில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வழக்குப் போட்டால் வருகிறேன். ஸ்டேடியத்தில் விடாவிட்டாலும் சரி. எந்த நாளில் கூப்பிட்டாலும் மத்தியானத்துக்கு மேல் கூப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன். காலையில் எனக்குப் போக வேண்டிய இடம் இருக்கிறது.

இதுவரை எழுதியதை ஐயா உரக்கப் படித்தார், நான் காது கொடுத்துக் கேட்டேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. நான் அடித்த நக்கல்களில் சிலவற்றை ஐயா விட்டுவிட்டார். மற்றபடி ஒவ்வொரு வரியும் நடந்ததுதான் என்று அறிந்து, இந்த ஒரு தாளில் மட்டும் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)