கோமளாவின் அம்மா

"கொலைகாரன் கெடைக்கலன்னா போவுது நைனா, நீ உடம்பப் பாத்துக்கோ" என்றாள் எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள். பஸ் ராயப்பேட்டையைத் தாண்டியிருந்தது. மெட்ராஸே பேசிய கோமளா கொலை வழக்கு அது. இவள் கோமளாவின் தாய், பக்கத்தில் இருப்பவர் அதைத் துப்பறிந்த இன்ஸ்பெக்டர் என்று பேச்சில் புரிந்தது.

"நாளையோட ரிட்டயர் ஆகுறேன்மா. அவனப் பிடிக்க முடியல. கேஸ் வேற ஆளுக்குப் போயிடும்."

"கேஸ் போவட்டும். நீ ஊட்டுக்கு வருவியா? எம் பொண்ணு பேரச் சொல்றதுக்கு உன்ன விட்டா ஆளில்ல."

"வரேன்மா" என்றார். "எவ்வளவோ விசாரிச்சேன். கோமளாவுக்கு என்ன பிடிக்கும்னு மட்டும் கேக்கவே இல்ல."

"மழைன்னா உசுரு நைனா. நான் கத்தக் கத்த நனைஞ்சிக்கினு நிப்பா" என்றவள், சிரித்துவிட்டாள்.