தலைகவிழ்ந்த கொத்து

செடிக்குத் தண்ணீர் ஊற்றக் காலை ஏழு மணிதான் நல்ல நேரம். அதற்குள் பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்கா பூப்பறித்து முடித்திருப்பார்.

காஹாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் இது வழக்கம்தான், இன்ஸ்பெக்டர். சாமிக்கு என்றால் யார் வேலியிலும் பறிக்கலாம். என் செம்பருத்தியை அவர் பறித்தபோது நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லும் இந்தச் செடி காட்டுச் செடி, இடுப்பளவுதான் வளரும். முப்பது ஆண்டு செம்பனைத் தோட்டத்தில் களைமருந்து அடிக்கும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தேன். காட்டோரத்தில் நின்ற இந்தச் செடிமேல் மட்டும் மருந்து பட விட்டதில்லை. ஓய்வு பெற்றபோது ஒன்றைப் பெயர்த்துவந்து வேலியோரம் நட்டேன். பூக்க நான்கு வருஷம் ஆனது. வெளிர்சிவப்புக் கொத்து, தலைகவிழ்ந்தே தொங்கும்.

முதல் கொத்தை அக்கா பறித்தார். கேட்டேன்.

“சாமிக்குத்தானே தம்பி, இதுக்குப் போயி கோவிச்சுக்கிறீங்களே லா” என்றார்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் நான் கத்தவில்லை, எனக்குச் சத்தம் ஆகாது. மூன்று வாரம் ஒரு கொத்தும் மிஞ்சவில்லை. பிறகு நானே சொன்னேன்: “தீர்த்தச் செம்புல போடுங்கக்கா, நல்லா வாசமா இருக்கும்.” அந்தப் பூவுக்கு வாசனை கிடையாது.

தோட்டத்து மருந்து ஒரு போத்தல் வீட்டில் கிடந்தது. செடி கருகிவிடக் கூடாதே என்று தெளிக்கவில்லை. இலைகளைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, பூக்களின் உட்புறம் மட்டும் தூரிகையால் தடவினேன். கவிழ்ந்த பூ என்பதால் மழை பெய்தாலும் உள்ளே நனையாது. என் செடி, என் வேலி. பறிக்க வாருங்கள் என்று நான் யாரையும் அழைக்கவில்லை.

அக்காவுக்கு நாலு நாள் வயிறு வலித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அந்த மருந்து எவ்வளவு உள்ளே போனால் என்ன ஆகும் என்று என் ஆட்களுக்கு வருஷம் தவறாமல் பாடம் நடத்தியவனும் நான்தான்.

அக்காவும் அவர் மகள் வாசுகியும் இறந்துவிட்டார்கள், தீர்த்தம் குடித்த மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்றீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. வாசுகிக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை பூஜைக்காகச் செனாயிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நானும் சட்டை மாற்றிக்கொண்டு போயிருந்தேன். அக்கா தான் ஒரு வாய் குடித்துவிட்டு, வரிசையாக எல்லார் கையிலும் தீர்த்தம் ஊற்றிக்கொண்டு வந்தார்.

என் முறை வந்தபோது நான் கை நீட்டவில்லை. பின்னால் வாசுகி நின்றாள். பிள்ளைத்தாய்ச்சியைக் காக்க வைப்பது முறையில்லை என்று, விலகி அவளை முன்னால் போகச் சொன்னேன்.